பிடித்ததை விடவில்லை, பிடிக்காததை விட்டேன்

உடம்பைக் குறைக்கப் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி, "எதையெல்லாம் விட்டாச்சு?" என்பதாகத்தான் இருக்கும். சர்க்கரையை விட்டவர், சோற்றை விட்டவர், ராத்திரிச் சாப்பாட்டையே விட்டவர் என்று ஆளுக்கொரு தியாகப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். என்னிடம் அப்படி ஒன்று இல்லை. சாக்லேட் சாப்பிடுகிறேன், பொரித்த உருளைக்கிழங்கு சாப்பிடுகிறேன், ஐஸ்கிரீமும் உண்டு. எடை மெதுவாக இறங்கியது, இறங்கிய இடத்தில் ஏறக்குறைய நிற்கிறது. எப்படி என்று கேட்பவர்களுக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல வரவில்லை, அதனால் இந்தப் பதிவு.

ஆரம்பத்தில் ஓர் உணவு ஆலோசகரிடம் போயிருந்தேன். எப்போது பசிக்கும், எது பிடிக்கும், வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று ஒரு கேள்வி கிடையாது. மேசை இழுப்பறையிலிருந்து அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். இடப்பக்கம் தவிர்க்க வேண்டியவை, வலப்பக்கம் சாப்பிடக் கூடியவை. எனக்கு ஆசையான அத்தனையும் இடப்பக்கத்தில் வரிசையாக நின்றன. வலப்பக்கத்தில் வெள்ளரிக்காய் இரண்டு முறை வந்திருந்தது. தாளில் பொய் எதுவும் இல்லை. கேக்கைவிட வெள்ளரிக்காயில் கலோரி குறைவு என்பதை யார் மறுக்கப் போகிறார்கள்? ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒருவர் ஒரு வாரம் ஓட்டலாம், ஒரு வருடம் ஓட்ட முடியாது. எடை விஷயத்தில் ஒரு வாரத்துக்கு எந்த மதிப்பும் இல்லை.

தடை போட்டால் மனது என்ன செய்யும் என்பதை நான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். கல்லூரி மாணவிகளைக் கூப்பிட்டு, ஐஸ்கிரீமை ருசி பார்த்து மதிப்பிடச் சொன்னார்கள்; எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். அதற்கு முன்னால் சிலருக்கு மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாதவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வயிற்றில் ஏற்கெனவே ஒன்று கிடக்கிறது, அவ்வளவுதான். எப்போதும் வாயைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் நேர் எதிர். மில்க் ஷேக் குடித்த பிறகு அவர்கள் ஐஸ்கிரீமை இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்பார்களே, அதே கதை. கட்டுப்பாடு ஒன்று இருந்ததால்தான் அது உடைந்தது. உடைந்ததால்தான் கணக்கு வழக்கில்லாமல் போனது.

இன்னும் பழைய, இன்னும் கடுமையான உதாரணம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45இல், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். அவர்களாக ஒத்துக்கொண்டு வந்தவர்கள். வழக்கமாகச் சாப்பிட்டதில் பாதியளவுதான் சாப்பாடு. உடல் எடையில் கால்வாசி போனது. கூடவே வேறு சிலதும் போயின: சிரிப்பு, சுறுசுறுப்பு, மற்ற எல்லாவற்றிலும் இருந்த ஆர்வம். சமையல் புத்தகங்களை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள், செய்முறைகளைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள். அதற்கு முன் அவர்கள் யாரும் சாப்பாட்டுப் பைத்தியங்கள் இல்லை. பசியே அப்படி ஆக்கிவைத்தது. 'ஏன் எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே நினைக்கிறாய், உனக்கு மனஉறுதி இல்லையா' என்று யாராவது கேட்டால், இந்த 36 பேரை நினைத்துக்கொள்வேன்.

சரி, தடை வேண்டாம் என்றால் எடை எப்படிக் குறையும்? உள்ளே போகும் ஆற்றல் செலவாகும் ஆற்றலைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இதற்கு மாற்று வழி கிடையாது, எந்தப் பெயரில் விற்றாலும் எல்லா உணவுமுறைகளும் கடைசியில் இந்த வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4. அந்தக் கலோரி எந்த உணவிலிருந்து வந்தது என்பது பசி, தசை, ரத்தச் சர்க்கரை, ஆரோக்கியம் எல்லாவற்றையும் மாற்றும். ஆனால் 'இது தடைப் பட்டியலில் இருந்து வந்த கலோரி' என்று உடம்பு தனியாக வட்டி போடுவதில்லை.

இதை வேடிக்கையாக நிரூபித்தவர் ஒருவர் இருக்கிறார். கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்துப் பேராசிரியராக இருந்த மார்க் ஹாப், 2010இல் பத்து வாரம் பெரும்பாலும் கிரீம் கேக், சிப்ஸ், பிஸ்கட் மாதிரியான பாக்கெட் தின்பண்டங்களையே சாப்பிட்டு, ஒரு நாளைக்கு 1,800 கலோரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார். ஏறத்தாழ 12 கிலோ குறைந்தது. ஒற்றை ஆள், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை, ஆகவே இது ஆய்வும் இல்லை, பரிந்துரையும் இல்லை. சத்து மாத்திரையும் புரத பானமும் கொஞ்சம் காய்கறியும் கூடவே எடுத்துக்கொண்டார். நான் அப்படிச் சாப்பிட்டால் மூன்றாம் நாளே பசியில் யாரையாவது கடித்துவிடுவேன். ஆனாலும் ஒரு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டு 'எல்லாம் போச்சு' என்று தலையில் கைவைக்கிற ஒவ்வொருவருக்கும் இந்தக் கதையைச் சொல்வேன்.

அப்படியானால் எந்த முறை சிறந்தது என்ற சண்டை இருக்கிறதே? 2018இல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பைக் குறைத்த உணவும் மறுபாதிக்கு மாவுச்சத்தைக் குறைத்த உணவும் பழக்கியது. ஒரு வருடம் கழித்து முதல் குழு சராசரியாக 5.3 கிலோ குறைந்திருந்தது, இரண்டாவது 6 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் இருந்தது. அதற்கு முன் 2005இல், பெயர்பெற்ற நான்கு உணவுமுறைகளை 160 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தபோதும் இதே மாதிரிதான்: எந்த முறை என்பதைவிட, எடுத்துக்கொண்ட முறையை எவ்வளவு கடைப்பிடித்தார்கள் என்பதே குறைந்த எடையோடு ஒட்டிப்போனது. கடைப்பிடிக்க முடிகிற முறையில் பிடித்த உணவுக்கு இடம் இல்லாமல் எப்படி?

இந்த இடத்தில் நான் செய்தது ஒன்றுதான். கொஞ்ச நாள், சாப்பிட்ட எல்லாவற்றையும் எழுதிவைத்தேன். கலோரிக்காக அல்ல. ஒவ்வொன்றுக்கும் எதிரே, 'இது இல்லாமல் போயிருந்தால் ஏங்கியிருப்பேனா' என்று ஒரு குறிப்பு. ஏங்கியிருப்பேன் என்றால் ஒரு நட்சத்திரம், இல்லையென்றால் வெற்றிடம்.

நோட்டைத் திருப்பிப் பார்த்தபோது நட்சத்திரங்கள் ரொம்பக் குறைவு. ராத்திரி சாக்லேட்டுக்கு ஒன்று. வாரக் கடைசியில் சுடச்சுடப் பொரித்த உருளைக்கிழங்குக்கு ஒன்று, ஐஸ்கிரீமுக்கு ஒன்று. காலைக் காப்பிக்கு, அதுவும் முதல் காப்பிக்கு மட்டும், ஒன்று. மீதிப் பக்கம் முழுக்க வெற்றிடம். கூட்டத்தில் எதிரே வைத்தார்கள் என்று எடுத்த பிஸ்கட். மீந்துபோகிறதே என்று பாத்திரத்தோடு நின்றபடி வழித்த இரண்டு கரண்டி. போனைப் பார்த்துக்கொண்டே காலி செய்த வேர்க்கடலை. தாகத்துக்குக் குடித்த குளிர்பானம். நாலாவது காப்பியில் போட்ட சர்க்கரை. அந்தக் காப்பியே வேண்டியிருக்கவில்லை, நாற்காலியிலிருந்து எழுந்திருக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. என்னைக் குண்டாக்கியது ஆசைப்பட்ட உணவு இல்லை. ஆசையே படாமல் தின்ற உணவு.

அந்த வெற்றிடங்களைச் சமையல் தராசில் வைத்துப் பார்த்ததுதான் இந்த விஷயத்தில் நான் கற்றுக்கொண்ட முக்கால்வாசி. வேர்க்கடலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கை நிறைய அள்ளினால் 30 கிராம் சுமார் வரும், 170 கலோரிக்கு மேல். அது நல்ல உணவு, புரதமும் நல்ல கொழுப்பும் இருக்கிறது. ஆனால் போனைப் பார்த்துக்கொண்டு யாரும் ஒரு கையோடு நிறுத்துவதில்லை. மூன்று கை என்றால் ஒரு வேளைச் சாப்பாட்டின் கலோரி, அதுவும் சாப்பிட்ட நினைவே இல்லாமல். அப்புறம் எண்ணெய். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 14 கிராம் போல எடை, 120 கலோரி. பாட்டிலைச் சாய்த்து வாணலியில் ஒரு சுற்றுச் சுற்றுவோமே, அதைக் கிண்ணத்தில் ஊற்றி நிறுத்துப் பாருங்கள். நான் ஒரு ஸ்பூன் என்று நினைத்தது தராசில் இரண்டரை ஸ்பூனாக நின்றது. சாப்பிட்டுப் பார்த்தால் அந்த ஒன்றரை ஸ்பூனின் ருசி எங்கே போனது என்றே தெரியவில்லை. பாத்திரம் கழுவும்போதுதான் தெரிந்தது. இதற்கு மேல் இலவசமாகக் குறைக்க வேறென்ன இருக்கிறது?

இந்தக் கண் அளவுத் தப்பு எனக்கு மட்டும் வருவதில்லை. 1992இல் வெளியான ஓர் ஆய்வில், 'எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்கவே இல்லை' என்று சொன்னவர்களின் உண்மையான உணவு அளவைச் சோதித்தார்கள். தாங்கள் சாப்பிடுவதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். உடற்பயிற்சியை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுடைய நோட்டிலும் நட்சத்திரம் இல்லாதவைதான் விட்டுப்போயிருக்கும். ஆசையோடு சாப்பிட்டது மறக்காது.

குளிர்பானத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு சாதாரண 330 மில்லி டின் கோலாவில் 35 கிராம் சர்க்கரை, 140 கலோரி. அதே அளவு கலோரியை மென்று தின்றிருந்தால் வயிறு கொஞ்சமாவது கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கும். 2000இல் டிமெக்லியோ, மேட்டிஸ் என்ற ஆய்வாளர்கள் சிலருக்கு நான்கு வாரம் தினம் 450 கலோரி அளவுக்கு ஜெல்லி மிட்டாயாகவும், இன்னொரு நான்கு வாரம் அதே 450 கலோரியைக் குளிர்பானமாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். மிட்டாய் தின்ற நாட்களில் அவர்கள் மற்ற உணவைத் தாமாகவே குறைத்துக்கொண்டார்கள். குளிர்பானம் குடித்த நாட்களில் குறைக்கவில்லை, எடை ஏறியது. உங்களுக்குக் கோலா நட்சத்திரப் பொருள் என்றால் தாராளமாகக் குடியுங்கள், உட்கார்ந்து, ரசித்து. தாகத்துக்குத் தண்ணீர் போதும்.

வெற்றிடங்களை விட்டதில் மட்டும் முதல் சில கிலோ போனது. யாரும் எதையும் கவனிக்கவில்லை, விருந்துகளில் என்னைப் பார்த்து யாரும் பரிதாபப்படவும் இல்லை.

அடுத்தது பசி. பிடித்ததை அளவாகச் சாப்பிட வேண்டுமானால் அதைப் பசியோடு சந்திக்கக் கூடாது. 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சுசன்னா ஹோல்ட் குழு, 38 உணவுகளை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 240 கலோரி அளவில் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று கேட்டது. வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால், பட்டியலில் கடைசியில் வந்த குரோசான்ட் என்ற வெண்ணெய் சேர்த்த பேக்கரிப் பண்டத்துக்கு 47. முதலில் வந்தது எது தெரியுமா? எல்லா உணவுமுறைகளும் திட்டித் தீர்க்கிற உருளைக்கிழங்கு, வேகவைத்தது, 323. கிழங்கின் மேல் ஒரு குற்றமும் இல்லை, அதை எண்ணெயில் போட்டு எடுக்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. 100 கிராம் அவித்த கிழங்கு 87 கலோரி, பொரித்தால் 300க்கு மேல், சிப்ஸாகச் சீவினால் 500ஐத் தாண்டும்.

அதனால் என் வழக்கம் இப்படி ஆனது. மதியமும் ராத்திரியும் தட்டில் முதலில் புரதம், முட்டையோ பருப்போ மீனோ. கூடவே நிறையக் காய்கறி. இரண்டும் வயிற்றை நிரப்பும், இடத்தை அடைக்கும், கலோரி அதிகம் கேட்காது. அதற்குப் பிறகுதான் பொரித்த உருளைக்கிழங்கு, பெரிய தட்டில் தனி உணவாக அல்ல, அதே தட்டின் ஓரத்தில். பரிமாறும் அளவு பெரிதானால் நாமும் பெரிதாகச் சாப்பிடுகிறோம் என்று பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். பெரிய அளவை எதிரே வைத்தபோது 30 சதவீதம் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு, அதிகம் சாப்பிட்ட உணர்வே பெரும்பாலும் இருக்கவில்லை. எனவே அளவைத் தீர்மானிக்க வேண்டிய இடம் அடுப்படி. எதிரே வைத்துக்கொண்டு யோசிப்பது வீண் வேலை.

சாக்லேட்டை நான் எப்படிச் சாப்பிடுகிறேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். 100 கிராம் கட்டியில் 550 கலோரி போல இருக்கும், வகையைப் பொறுத்து கொஞ்சம் கூடும் குறையும். நாலில் ஒரு பங்கை உடைத்து ஒரு சின்னத் தட்டில் வைத்து, மீதியைச் சுற்றி அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, அப்புறம் உட்காருவேன். கையில் போன் கிடையாது. முதல் துண்டை மெல்ல மாட்டேன், நாக்கில் கரைய விடுவேன். முதலில் கசப்பு, பிறகு கொழகொழப்பு, கடைசியில் லேசாகப் பழ வாசனை. இரண்டாவது துண்டிலும் அது இருக்கும். நாலாவது துண்டில் வெறும் இனிப்புத்தான். ஒரே உணவைச் சாப்பிடச் சாப்பிட அதன் மீதான விருப்பம் இறங்கிக்கொண்டே வருகிறது, வேறு உணவின் மீது இருக்கிற விருப்பம் அவ்வளவாக இறங்குவதில்லை. 1980களின் தொடக்கத்திலேயே இதை ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் இனிப்புக்கு மட்டும் இடம் கிடைக்கிற மர்மம் இதுதான். இதையே நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம்: நல்ல சாக்லேட், ஒரே வகை, நாலு துண்டு. ஐந்து வகையை ஒன்றாக வைத்தால் தொலைந்தோம்.

இதெல்லாம் எல்லா உணவுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். சிப்ஸ் பாக்கெட்டோடு எனக்கு இந்த நாகரிகம் சரிப்படவில்லை. உடைத்தால் முடிந்துவிடும். 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை ஒரே இடத்தில் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் அதிகம் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தது. பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமாகத்தான் இருந்தன. எவ்வளவு சாப்பிடுவது என்பது அவரவர் விருப்பம். பதப்படுத்திய உணவின்போது ஒரு நாளைக்கு 500 கலோரி போல அதிகம் சாப்பிட்டு ஒரு கிலோவை ஒட்டி ஏறினார்கள், மற்றதில் அதே அளவு இறங்கினார்கள். சீக்கிரமாக மென்று விழுங்க முடிவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆகவே சிப்ஸ் எனக்குத் தடை இல்லை, ஆனால் வீட்டில் இருப்பு இல்லை. வேண்டுமென்றால் வெளியே போய் ஒரு சின்னப் பாக்கெட் வாங்கித் தின்னலாம். பாதி நாள், செருப்பைத் தேடும்போதே ஆசை அடங்கிவிடுகிறது. மீதி நாள் போய் வாங்கித் தின்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது.

தூக்கத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். குறைவாகத் தூங்கிய மறுநாள் என் நட்சத்திரக் கணக்கு எதுவும் செல்லாது, எல்லாமே நட்சத்திரமாகத் தெரியும். 2022இல் வெளிவந்த ஆய்வில், குறைவாகத் தூங்குபவர்களைத் தினம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தூங்கவைத்ததிலேயே அவர்கள் சாப்பிட்டது நாளைக்கு 270 கலோரி போலக் குறைந்தது. உணவைப் பற்றி யாரும் அவர்களுக்கு ஒரு அறிவுரைகூடச் சொல்லவில்லை.

எடை பார்க்கும் மெஷினைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் கைவிடுவது அங்கேதான். விருந்துக்கு மறுநாள் ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கும். அது கொழுப்பாக இருக்க முடியாது. ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. ஒன்றரைக் கிலோ ஏற, தேவைக்கு மேலே பதினோராயிரம் கலோரிக்கு மேல் சாப்பிட்டிருக்க வேண்டும், என்னால் முயன்றாலும் முடியாது. உப்பு பிடித்துவைத்த தண்ணீர், குடலில் இன்னும் கிடக்கும் சாப்பாடு, தசையில் சேர்ந்த மாவுச்சத்து, அது கூடவே இழுத்துக்கொண்ட தண்ணீர், எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஒன்றரை. இரண்டு மூன்று நாளில் போய்விடும். முதல் வாரம் மளமளவென்று இறங்குவதும் பெரும்பாலும் இதே தண்ணீர்தான், அதை நம்பிப் பெருமைப்படவும் வேண்டாம்.

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சாப்பிடுவதும் வருந்துவதுமாக ஒரு சுழலில் சிக்கியிருப்பவர்கள், என் நோட்டையும் தராசையும் எடுத்துக்கொள்ள வேண்டாம், முதலில் மருத்துவரைப் பாருங்கள். குறிப்பாகக் கடைசியில் சொன்னவர்களுக்கு நிறுத்துப் பார்ப்பதே நோயைக் கூட்டலாம்.

மற்றவர்களுக்கு இன்னொரு தகவல். எடை குறையக் குறைய உடம்பு கேட்கும் ஆற்றலும் குறையும். சின்ன உடம்பைச் சுமக்கச் சின்னச் செலவு போதும். அதனால் முதலில் பலித்த அதே அளவு சில மாதத்தில் பலிக்காமல் நின்றுவிடும். அப்படி நின்றபோது இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தது. நோட்டை மறுபடி எடுத்தேன். அதற்குள் வெற்றிடங்கள் பெரும்பாலும் போயிருந்தன, ஆனால் ஒரு நட்சத்திரம் சந்தேகத்துக்குரியதாக இருந்தது: வாரக் கடைசி ஐஸ்கிரீம். சாப்பிட்டுப் பார்த்தேன், பரவாயில்லை ரகம். அதை மாதத்துக்கு ஒன்றாக்கிவிட்டேன். சாக்லேட்டில் கைவைக்கவில்லை.